கரை சேராதவருக்காக அழுவது விசுவாசக் குறைவா?

கேள்வியின் சுருக்கம்: பாம்பன் பக்கத்து மீனவ ஊர். அக்காவின் கணவர் பதினான்கு மாதத்துக்கு முன்பு நாட்டுப்படகில் போனார். படகு கவிழ்ந்தது. கூடப் போன இருவர் கரைக்கு வந்தார்கள், அவர் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அக்கா கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார். எஞ்சின் சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிறார். "இவ வந்த ராசி" என்று மாமியார் சொன்ன சொல் உள்ளே குத்திக்கொண்டே இருக்கிறது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்தினால்தான் சுகம் வரும் என்று ஒரு ஜெபக்கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். "இத்தனை ஜெபித்தும் ஆறலையே, எங்க விசுவாசம் பத்தலையா?" என்று தங்கை கேட்கிறார்.

மாத்திரையிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் இரண்டு நாள் பொறுக்கும், இது பொறுக்காது.

நிறுத்த வேண்டாம். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் ஆகும். அதற்குள் "ஒண்ணும் தெரியல" என்று கைவிடுகிறவர்கள் பலர். பல வாரம் சாப்பிட்டபின் ஒரே நாளில் நிறுத்தினால் பலருக்குத் தலைசுற்றும், குமட்டும், தூக்கம் கெடும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். சிலருக்குத் தலைக்குள் மின்சாரம் வெட்டியது போல இருக்கும். மருந்தைத் திடீரென நிறுத்தியதால் உடம்பு படும் பாடு அது. ஜெபக்கூட்டத்தில் அதையே "ஆவி எதிர்க்கிறது" என்று சொல்லிவிடுவார்கள். நிறுத்த வேண்டிய காலம் வரும். அப்போது மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார். நன்றாக ஆன பிறகும் ஆறேழு மாதமாவது தொடரச் சொல்வதுதான் வழக்கம்.

உபவாசம் இருக்க விரும்பினால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு இருங்கள். லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிடுகிறவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தால் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறி விஷமாகிவிடலாம். மனம் எல்லை மீறிப் பொங்கும் நோய் ஏற்கெனவே இருப்பவருக்கு முழு இரவு ஜெபத்தில் கெடும் தூக்கமே அந்த நோயைத் திரும்பக் கிளப்பிவிடும். ஜெபம் தவறு என்று சொல்லவில்லை. இரவு பத்து மணிக்கு முடித்துக்கொண்டு தூங்கப் போனாலும் ஆண்டவர் கேட்பார்.

கத்தோலிக்கக் குடும்பம் என்பதால் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தை எடுத்துக் கொடுங்கள். மருந்துகளை மண்ணிலிருந்து உண்டாக்கியவர் ஆண்டவர், அறிவுள்ளவன் அவற்றை வெறுப்பதில்லை என்று அங்கே இருக்கிறது. நோயில் மன்றாடு, பிறகு மருத்துவருக்கும் இடம் கொடு என்று வரிசையும் போட்டுத் தந்திருக்கிறது. புராட்டஸ்டண்ட் சபைக்காரர்களுக்கு அந்த நூல் பைபிளில் இல்லை. அவர்களுக்குக் கொலோசையர் 4:14 போதும். பவுல் அன்பு வைத்திருந்த லூக்கா ஒரு மருத்துவர்.

இனி, அழுகைக்கு வருவோம்.

150 திருப்பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். "எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் பாடல் ஆண்டவரிடம் சண்டைக்கே போகிறது. 88ஆம் பாடல் அதற்கும் மேலே. ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதையும் எடுத்துவிடாமல் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். இலாசரை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் முன் அழுதார். அப்படியிருக்க, அழுவது அவிசுவாசம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. நம் ஊர் ஒப்பாரியைக் கேட்டுப் பாருங்கள். போனவரையும் திட்டும், இருப்பவரையும் திட்டும், விதியையும் திட்டும், திட்டிக்கொண்டே உறவையும் பிடித்துக்கொள்ளும். திருப்பாவின் புலம்பலும் அதே ஜாதிதான். வியாகுல மாதாவின் கண்ணீருக்காகப் புனித வெள்ளியில் புலம்பல் பாடுகிற ஊர், தன் தெருவில் ஒரு பெண் அழுதால் மட்டும் "விசுவாசமா இரு, அழாத" என்கிறது.

அக்கா கோயிலுக்குப் போகாததற்குக் காரணம் பெரும்பாலும் கோபமாக இருக்கும். ஆண்டவரிடம் கோபப்படுவது பாவம் என்று பயந்து, அதை மறைக்க அவரிடமிருந்தே ஒதுங்கிவிடுவார்கள். கோபத்தை ஜெபமாக்கினால் ஒதுங்க வேண்டியதில்லை. செய்முறை இது. ஒரு நோட்டு, இருபது நிமிடம், பகல் வேளை, வீட்டில் நம்பிக்கையான ஒருவர் பக்கத்து அறையில். எழுதும்போது நான்கு பகுதி வரட்டும்: ஆண்டவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது, நடந்ததையும் குறையையும் சொல்வது, இன்ன வேண்டும் என்று கேட்பது, முடிந்தால் மட்டும் ஒரு நம்பிக்கை வரி. நான்காவது வராவிட்டால் விட்டுவிடலாம், 88ஆம் பாடலில் வரவில்லை. மாதிரிக்கு:

"ஆண்டவரே, காத்தையும் கடலையும் அடக்கினவர் நீர்தானே. அன்னைக்கு ஏன் அடக்கல? ரெண்டு பேரைக் கரையில விட்டீர், என் வீட்டுக்காரரை மட்டும் ஏன் விடல? பிள்ளைங்க கேக்குது, பதில் இல்ல. இன்னைக்கு ராத்திரி மட்டும் தூக்கம் குடும். மத்தது எனக்கு இப்ப சொல்லத் தெரியல."

தொடர்ந்து மூன்று நான்கு நாள் எழுதினால் போதும், தினமும் மாதக்கணக்கில் கிளற வேண்டாம். எழுத வராதவர் வாயால் சொல்லலாம். போனில் பதிவு செய்து பிறகு அழித்துவிடுவதும் சரிதான். இதில் தவறு வரும் இடம் மூன்று. படுக்கப் போகும் நேரத்தில் எழுதினால் இரவு முழுக்க அதுவே ஓடும். சம்பவம் நடந்த முதல் சில வாரத்தில் எழுத வைத்தாலோ, "முழுசா சொல்லு, பாரம் இறங்கும்" என்று பேச வற்புறுத்தினாலோ காயம் இன்னும் கெட்டிப்படும். பதினான்கு மாதம் ஆகிவிட்டதால் அக்காவுக்கு இந்தக் கவலை இல்லை. எழுதியதை ஜெபக்கூட்டத்தில் சாட்சியாக வாசிக்கச் சொல்வது மூன்றாவது தவறு. ஆறாத புண்ணை மேடையில் ஏற்றக்கூடாது.

எஞ்சின் சத்தம் வேறு விஷயம். அங்கே மனதுக்கு முன்னால் உடம்பு பயப்படுகிறது, வேதவசனம் சொன்னால் மட்டும் அது கேட்காது. பாதம் இரண்டும் தரையில் படும்படி உட்காரச் சொல்லுங்கள். கண் திறந்தே இருக்கட்டும், மூடினால் சிலருக்கு அந்தக் காட்சியே வரும். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுக்கையில் "இயேசுவே", ஆறு எண்ணும்வரை விடுகையில் "என்னைக் கைவிடாதேயும்". ஐந்து நிமிடம். விடுகிற மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். வேகவேகமாக ஆழ்ந்து இழுத்தால் கை மரத்து, தலை இன்னும் சுற்றும். பிறகு "ஜெபிச்சா எனக்கு மயக்கம் வருது" என்று ஜெபத்துக்கே பயப்படத் தொடங்கிவிடுவார். கையில் செபமாலை இருந்தால் நல்லது. மனம் ஓடினாலும் விரல் மணியில் நிற்கும். 53 மங்கள வார்த்தையும் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், ஒரு பத்து மணியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இது பழகிய பிறகு கடற்கரைக்குத் திரும்புவதைப் படிக்கட்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். முதல் படி, கடல் தெரியாத தெருமுனையில் நின்று சத்தத்தை மட்டும் கேட்பது. அடுத்தது, மணல் தொடங்கும் இடத்தில் கடலுக்கு முதுகு காட்டி உட்காருவது. பிறகு கடலைப் பார்த்து உட்காருவது, பிறகு இழுத்து வைத்திருக்கும் படகைத் தொடுவது. அப்படியே கடைசியாக, படகு கரை ஏறும் நேரத்தில் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போவது. ஒவ்வொரு படியிலும் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று அக்காவே எண் சொல்லட்டும். அந்த எண் பாதியாகக் குறையும் வரை, அரைமணி ஆனாலும், அங்கேயே இருங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. எட்டு ஒன்பதில் இருக்கும்போதே எழுந்து ஓடி வந்தால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும், அடுத்த முறை இன்னும் கஷ்டம். ஆகவே தாங்க முடியாத படியில் தொடங்காதீர்கள். விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அப்போது கரையில் இரைச்சல் குறைவு, நடுப் படிகளைப் பழக நல்ல காலம். தடை முடிந்து படகெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும் இரவு இந்த மாதிரி வீடுகளுக்குப் பொல்லாத இரவு. அன்று அவரைத் தனியாக விடாதீர்கள், இல்லையென்றால் கடலோரமில்லாத ஊரில் இருக்கும் உறவுக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.

இப்போது மாமியார் சொன்ன சொல். "மன்னிச்சிட்டேன்னு சொல்லு, சமாதானம் வந்துடும்" என்று கூட்டத்தில் கையைப் பிடித்துச் சொல்ல வைப்பார்கள். அப்படி வாயில் வைத்த மன்னிப்பு வீட்டு வாசல்வரைகூட வராது. யோவான் நற்செய்தியை வரிசையாகப் படித்தால் ஒன்று கண்ணில் படும். 18ஆம் அதிகாரத்தில், குளிருக்குக் கரியால் மூட்டிய தீயருகே நின்றுதான் பேதுரு "அவருடைய சீடன் நானல்ல" என்கிறார். 21ஆம் அதிகாரத்தில், இரவெல்லாம் வலைபோட்டு மீன்பாடு எதுவும் இல்லாமல், விடிந்தபின் 153 மீனோடு கரை ஏறுகிறார்கள். கரையில் மறுபடியும் கரித்தீ. அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். அதே மணம், அதே புகை. இயேசு அங்கேயும் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வரவில்லை. "வந்து சாப்பிடுங்கள்" என்கிறார். சாப்பிட்டு முடித்தபின்தான் "நீ என்மீது அன்பு செலுத்துகிறாயா?" என்று கேட்கிறார். மூன்று முறை. மறுத்ததும் மூன்று முறை. பேதுருவுக்கு வருத்தமாகத்தான் இருந்தது என்று எழுதியே இருக்கிறது. காயம் பட்ட இடத்துக்கே, பசியாற்றி, பேர் சொல்லிக் கூட்டிப்போன விதம் இது. தவறு செய்தவர் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்ததையும் கவனியுங்கள்.

ஆகவே அக்காவுக்கு வரிசை இப்படி. முதலில், அந்தச் சொல் எதை எடுத்துக்கொண்டது என்று பெயரிட வேண்டும். "அவர் சாவுக்கு நான்தான் காரணம்னு என் பிள்ளைங்க முன்னாடி சொன்னாங்க" என்பது மாதிரி, மழுப்பாமல். அடுத்து, அது பொய் என்று நம்பத் தகுந்த ஒருவர் வாயால் கேட்க வேண்டும். பங்குத்தந்தையோ கன்னியரோ சொல்லலாம். ராசியால் படகு கவிழ்வதில்லை. யோவான் 9இல் பிறவிக் குருடனைப் பார்த்து "யார் செய்த பாவம்?" என்று சீடர் கேட்டபோது, இவனும் இல்லை, இவன் பெற்றோரும் இல்லை என்று இயேசு அந்தக் கணக்கையே தள்ளிவிட்டார். மூன்றாவது, பழிக்குப் பழி சொல்லமாட்டேன் என்ற தீர்மானம். உணர்ச்சி பிறகு வரும், வராமலும் இருக்கும். நினைவு திரும்பும்போதெல்லாம் தீர்மானத்தையும் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். எழுபது தடவை ஏழு முறை என்ற கணக்கு ஒரே காயத்துக்கும் பொருந்தும். மாமியாரோடு மறுபடி ஒரே அடுப்பில் சமைப்பது வேறு தீர்மானம், அதற்கு அவருடைய சொல்லும் மாற வேண்டும். தன் சகோதரர்களை மன்னித்த யோசேப்பு, அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் தன்னைக் காட்டிக்கொண்டார்.

ஒன்று மட்டும், அக்காவிடம் இப்போதே சொல்லாதீர்கள், நீங்கள் மனதில் வையுங்கள். அந்த அம்மாவும் பிள்ளையைக் கடலில் விட்டவர். தங்கச்சிமடம் வேர்க்காட்டில் கும்பிடும் சந்தியாகப்பரும் மீனவர்தான், இயேசுவின் சீடர் யாக்கோபு, செபதேயுவின் மகன். ஏரோது அவரை வாளால் கொன்றான். அவரைப் பெற்றவள் யாரைத் திட்டினாளோ, எழுதி வைக்கவில்லை.

குருவிடம் பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போகலாமா என்றால், போகலாம். ஆனால் காயம் பட்டது பாவம் ஆகாது. "நான் சாபம் பிடிச்சவ" என்று பாவமாகச் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. நீண்ட நேரம் பேச வேண்டியதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் வரிசையில் நின்று பேச முடியாது. குருவானவரிடம் தனியாக நேரம் கேளுங்கள், கதவு திறந்திருக்கும் அறையில், நீங்களும் கூடப் போங்கள்.

உடல் கிடைக்காத துக்கத்துக்குத் தனிக் குணம் உண்டு. முடிந்தது என்று மனம் ஒத்துக்கொள்ளாது, காத்திருப்பதும் கூசும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது இந்தக் கரையில் எத்தனையோ வீட்டுக்கு இதே நிலை. சட்டம்கூட ஒருவரைப் பற்றி 7 வருடம் தகவலே இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்கிறது. அதனால் "இன்னும் நம்பிக்கிட்டு இருக்கியா?" என்றும் கேட்காதீர்கள், "வந்துடுவாரு" என்றும் சொல்லாதீர்கள். உடல் இல்லாமலும் திருச்சபையில் அடக்கத் திருப்பலி வைக்க இடமுண்டு. ஆனால் அக்கா தயாராகும் முன் உறவினர் அவசரப்பட்டு வைத்தால், புருஷனை நாமே கொன்றுவிட்டோம் என்று அவருக்குத் தோன்றும். அதுவரை பூசையில் யாருக்காக வேண்டுவது என்ற கருத்தை "கடலில் காணாமல் போனவருக்காகவும் காத்திருக்கும் குடும்பத்துக்காகவும்" என்று எழுதிக் கொடுக்கலாம். இரண்டு பக்கமும் பொய் இல்லை.

இரவில் அவர் கூப்பிட்டது போல இருந்தது, வாசலில் நின்றது போல இருந்தது என்று அக்கா சொன்னால் பதறாதீர்கள். துக்கத்தில் இருக்கும் பலருக்கு அப்படி வரும், அது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. கட்டிப் போட்டுப் பேய் ஓட்டுகிற இடத்துக்குக் கொண்டுபோக யாராவது கிளம்பினால் குறுக்கே நில்லுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகைத் தீயில் ஓட வழியில்லாமல் செத்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலி போடுவதையே தடை செய்துவிட்டது. ஜெப வீடு என்றாலும் அதே சட்டம்தான்.

வேறு அறிகுறிகள் வந்தால் காத்திருக்கக் கூடாது. "நானும் அவர்கிட்டப் போயிடுறேன்" என்பது, பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைக்கப் பார்ப்பது, சாகச் சொல்லி ஒரு குரல் கட்டளையிடுவது, நாள்கணக்கில் சாப்பிடாமல் கிடப்பது. அன்றே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், மனநலப் பிரிவைக் கேளுங்கள். நடுராத்திரி என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். போகும்வரை தனியாக விடாதீர்கள், மாத்திரைப் பட்டையையும் பூச்சிமருந்தையும் அவர் கையில் எட்டாத இடத்தில் வையுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் வராது. இவை எதுவும் இல்லாமலே, இழந்தவருக்கான ஏக்கம் ஆறு மாதத்துக்கு மேல் அதே வேகத்தில் நின்று அன்றாட வேலையை முடக்கினால் அதற்கும் சிகிச்சை தேவை. அக்கா அந்த நிலையில் இருப்பதாகவே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

பங்கின் சிறு குழுவான அன்பியத்துக்காரர்கள் வந்து பார்க்க விரும்பினால் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், அரைமணிக்கு மேல் வேண்டாம், "கடவுள் சித்தம்" என்ற சொல் வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்த வரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள், பேசத் தொடங்கியதும்தான் கெட்டது. சாக விரும்பிப் படுத்துவிட்ட எலியாவை வானதூதர் இரண்டு முறை தட்டி எழுப்பிச் சொன்னது "எழுந்து சாப்பிடு" என்பதுதான். சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்திருந்தார். உங்கள் ஊரில் அதற்குச் சோறும் மீன்குழம்பும் போதும், மீன் முகத்தில் அடித்தால் பருப்பு.

அக்கா முன்பு கடற்பாசி எடுக்கப் போனவர் என்றால், அந்தக் கூட்டத்துப் பெண்களிடம் பேசிவையுங்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நாலைந்து பேராகக் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, ஒருத்திக்கு ஒருத்தி சத்தம் கொடுத்துக்கொண்டே வேலை பார்க்கிற அந்தச் சேர்க்கையில் கிடைக்கும் தைரியம் நாற்காலி போட்டு நடத்தும் கூட்டத்தில் கிடைக்காது. தண்ணீரில் இறங்குவது படிக்கட்டில் கடைசி. முதலில் கரையில் உட்கார்ந்து பாசி காயப்போடட்டும்.

ஓரியூருக்கு நேர்ந்துகொண்டு போக வேண்டும் என்று வீட்டில் சொன்னால் போய் வாருங்கள். 1693இல் மறைசாட்சி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) வெட்டுண்ட செம்மண் அது, போய்வரும் பயணமே வீட்டைவிட்டு வெளியே வர ஒரு சாக்கு. மண்ணை எடுத்து வந்துவிட்டோம், இனி மாத்திரை வேண்டாம் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருமுன், இரண்டு வாரம் இருக்கும்போதே அக்காவிடம் கேட்டுவிடுங்கள். எல்லாரும் கல்லறைக்கு மெழுகுவர்த்தியோடு போகும் மாலை அது, அவருக்குப் போய் நிற்க ஒரு குழி இல்லை. கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையடியில் ஏற்றலாம், வீட்டுச் சுரூபத்தின் முன் ஏற்றலாம், படிக்கட்டு எதுவரை ஏறியிருக்கிறாரோ அதைப் பொறுத்து மணலிலும் நட்டு ஏற்றலாம். காற்று இருக்கும், கண்ணாடிக் கூடு வைத்த விளக்காக எடுத்துப் போங்கள். ஏற்றவே வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்த வருடம் ஏற்ற வேண்டாம்.